கேளுங்கள், சொல்கிறோம்: ஜப்பான் – அமெரிக்கா ஒப்பந்தமும் நம் வட்டாரமும்

இம்முறை சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைத் தொட்டிருந்தன. ஜப்பானும் அமெரிக்காவும் கைகோத்து நிற்பதால் நமக்கு என்ன? இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: போர் முடிந்து எண்பது வருடம் ஆகிவிட்டது. ஜப்பானில் இன்னும் அமெரிக்கச் சிப்பாய்கள் இருக்கிறார்களே, எந்தக் காகிதத்தின் பேரில்?
— ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி

பதில்: ஐயா, காகிதம் எது என்று கேட்டீர்களே, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். காகிதங்கள் இரண்டு. முதலாவது 1951 செப்டம்பர் 8 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கையெழுத்தானது. அன்று முதலில் ஜப்பானுடனான சமாதான ஒப்பந்தம். அதே நாளில், சில மணி நேரம் கழித்து, வேறோர் இடத்தில் பாதுகாப்பு ஒப்பந்தம். பாதுகாப்பு ஒப்பந்தத்தில் ஜப்பான் தரப்பில் பிரதமர் ஷிகெரு யோஷிதா ஒருவரே கையொப்பமிட்டார். 1952 ஏப்ரல் 28-இல் இரண்டும் நடப்புக்கு வந்தன. அந்தப் பழைய ஒப்பந்தம் அமெரிக்காவுக்குத் தளங்களைக் கொடுத்தது. ஆனால் ஜப்பானைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்று அமெரிக்காவைக் கட்டிப்போடவில்லை.

அந்தக் குறையைத் திருத்தத்தான் 1960 ஜனவரி 19-இல் புதிய ஒப்பந்தம் வந்தது. இன்றும் நடப்பில் இருப்பது அதுதான். தோட்டத்துக் கூட்டு ஒப்பந்தத்தில் சம்பளம், விடுப்பு, மருத்துவம் என்று எந்தப் பிரிவில் என்ன இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவீர்களே, அப்படி இதிலும் மூன்று பிரிவுகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

5-ஆவது பிரிவு: ஜப்பானின் நிர்வாகத்தில் உள்ள நிலப்பகுதியில் ஆயுதத் தாக்குதல் நடந்தால், இரு நாடுகளும் தத்தம் அரசியல் சட்டப்படி அதை எதிர்கொள்ளும். அமெரிக்க மண் தாக்கப்பட்டால் என்ன செய்வது என்று இந்தப் பிரிவில் இல்லை. 6-ஆவது பிரிவு: ஜப்பானின் பாதுகாப்புக்கும் தூரக்கிழக்கின் அமைதிக்கும் அமெரிக்கப் படை ஜப்பானியத் தளங்களைப் பயன்படுத்தலாம். 10-ஆவது பிரிவு: பத்து வருடம் ஓடிய பிறகு, ஒரு தரப்பு விலக விரும்பினால் ஒரு வருட முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். 1970-இலிருந்து இந்தக் கதவு திறந்தே கிடக்கிறது. இருவரில் ஒருவரும் அதன் வழியே வெளியேறவில்லை.

சுருங்கச் சொன்னால் அமெரிக்கா உயிரைக் கொடுக்கிறது, ஜப்பான் இடத்தைக் கொடுக்கிறது. இடம் என்றால் யொக்கோசுக்கா, சசேபோ கடற்படைத் தளங்கள், கதேனா, மிசாவா விமானத் தளங்கள், இவாகுனி, யொக்கோத்தா. ஏறக்குறைய 54,000 அமெரிக்கச் சிப்பாய்கள் அங்கே இருக்கிறார்கள். ஏழாவது கடற்படை அணி நங்கூரம் போட்டிருப்பது யொக்கோசுக்காவில். நம் மலாக்கா நீரிணை அந்த அணியின் வட்டாரத்துக்குள்தான் வருகிறது.

கேள்வி: என் பாட்டனாரை ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போடக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. ஜப்பான் ஏன் இழப்பீடு தரவில்லை? இதில் அமெரிக்காவுக்குப் பங்கு உண்டா?
— தோட்ட லயத்தில் வளர்ந்த ஒரு பேத்தி

பதில்: உண்டு, அம்மா. சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை. அதில் செத்துப்போன நம் தோட்டத்து மக்களுக்குப் பெயர்ப்பட்டியல்கூட ஒழுங்காக இல்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எங்களால் முடியாது.

சட்டப்படி என்ன நடந்தது என்று பாருங்கள். சான் பிரான்சிஸ்கோ சமாதான ஒப்பந்தத்தின் 14-ஆவது பிரிவு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. ஜப்பான் இழப்பீடு தர வேண்டியதுதான் என்பது முதலாவது. ஆனால் முழுதும் தரும் சக்தி இப்போது அதற்கு இல்லை. ஆகவே கையெழுத்திடும் நேச நாடுகள் தங்கள் உரிமைக் கோரிக்கைகளையும் தங்கள் குடிமக்களின் கோரிக்கைகளையும் விட்டுக்கொடுக்கின்றன என்பது அடுத்தது. பேச்சுவார்த்தையை நடத்திய அமெரிக்கத் தூதர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் ஜப்பான் மீது பெரிய சுமை ஏறாமல் பார்த்துக்கொண்டார். காரணம் அன்றைய உலகச் சூழ்நிலை. 1949-இல் சீனா கம்யூனிஸ்டுகள் கையில் போனது. 1950 ஜூன் 25-இல் கொரியப் போர் வெடித்தது. ஜப்பான் ஏழையாகக் கிடந்தால் தளம் வைத்துப் பயனில்லை, அது சீக்கிரம் எழுந்து நிற்க வேண்டும் என்று அமெரிக்கா நினைத்தது. அதே பனிப்போர் உங்கள் ஊருக்கும் வந்ததே: 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கொல்லப்பட்டதும் அவசரகாலம் பிறந்தது. கொரியப் போரால் ரப்பர் விலை ஏறிய அதே நாட்களில்தான், அந்த ரப்பரைச் சீவிய குடும்பங்களின் கோரிக்கை சான் பிரான்சிஸ்கோவில் அடைபட்டுப்போனது.

அடைத்தது எப்படி? மலாயா அப்போது பிரிட்டனின் கையில். பிரிட்டன் கையெழுத்திட்டதால் மலாயாவின் பங்கும் சேர்ந்தே போயிற்று. தனி நாடுகளாக இருந்தவர்கள் பிறகு தனித்தனியே பேசி வாங்கினார்கள்: பர்மா 1954-இல் 20 கோடி டாலர், பிலிப்பைன்ஸ் 1956-இல் 55 கோடி டாலர். அதே ஒப்பந்தத்தின் 16-ஆவது பிரிவு செஞ்சிலுவைச் சங்கம் வழியாக ஒரு தொகையைப் பகிரச் சொன்னது. யாருக்கு? சிறைப்பட்டு அவதிப்பட்ட நேச நாட்டுப் போர்வீரர்களுக்கு. அதே பாதையில் அதே காலராவில் செத்த தோட்டத் தொழிலாளி போர்வீரர் அல்லர் என்பதால் அவருக்கு அதில் இடமில்லை. இது அநியாயம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

சுதந்திரத்துக்குப் பின் இங்கே, முக்கியமாகச் சீன வர்த்தகச் சங்கங்கள், "இரத்தக் கடன்" என்று குரல் எழுப்பின. 1967 செப்டம்பர் 21-இல் ஜப்பானும் மலேசியாவும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன: 2.5 கோடி வெள்ளி மதிப்பில் ஜப்பானியப் பொருளும் சேவையும். ரொக்கம் கிடையாது. அதிலிருந்துதான் நம் தேசியக் கப்பல் நிறுவனத்துக்கு இரண்டு சரக்குக் கப்பல்கள் கிடைத்தன. போர் தொடர்பான எல்லாப் பிரச்சினையும் இத்துடன் தீர்ந்தது என்று இரு அரசுகளும் எழுதிக்கொண்டன. ஆகவே இப்போது தனிநபர் இழப்பீடு கேட்டால் ஜப்பான் தரப்பு முதலில் நீட்டுவது 1951-ஐ, அடுத்து 1967-ஐ.

கேள்வி: ஜப்பானின் அரசியல் சட்டம் போரைத் தடை செய்கிறது என்று வரலாற்றுப் பாடத்தில் படித்தோம். பிறகு எப்படி அவர்கள் அமெரிக்காவோடு சேர்ந்து போரிட முடியும்?
— இடைநிலைப்பள்ளி ஆசிரியை

பதில்: 1947 மே 3-இல் நடப்புக்கு வந்த அரசியல் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, போரையும் அதற்கான படையையும் துறக்கிறது. 1954-இல் தற்காப்புப் படை வந்தபோது, "தன்னைக் காத்துக்கொள்வதற்கான குறைந்தபட்ச பலம் இந்தத் தடையில் அடங்காது" என்று விளக்கம் சொன்னார்கள். அதன்படி ஜப்பான் தாக்கப்பட்டால் மட்டுமே துப்பாக்கி தூக்கலாம். தோழன் தாக்கப்பட்டால் கூடாது.

அந்த விளக்கத்தை 2014 ஜூலை 1-இல் ஷின்சோ அபேயின் அமைச்சரவை மாற்றியது. 2015 செப்டம்பரில் சட்டமாயிற்று. 2016 மார்ச்சில் நடப்புக்கு வந்தது. இப்போது ஜப்பானுக்கு நெருங்கிய நாடு தாக்கப்பட்டாலும் படையை இறக்கலாம், மூன்று நிபந்தனைகளும் ஒன்றாகப் பொருந்தினால்: அத்தாக்குதலால் ஜப்பானின் உயிர்வாழ்வே ஆபத்தில் இருக்க வேண்டும், வேறு வழி இருக்கக் கூடாது, பயன்படுத்தும் பலம் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. முதல் நிபந்தனையில்தான் எல்லாச் சிக்கலும். எது உயிர்வாழ்வுக்கு ஆபத்து என்று முடிவு செய்வது அன்றைய அரசாங்கம். 2025 நவம்பரில் பிரதமர் சனே தகாயிச்சி நாடாளுமன்றத்தில் தைவான் நெருக்கடியை இந்த நிபந்தனையோடு சேர்த்துப் பேசியதும் சீனா கொதித்தது அதனால்தான்.

பணமும் கூடியிருக்கிறது. 2022 டிசம்பரில் வந்த மூன்று பாதுகாப்பு ஆவணங்கள் ஐந்து ஆண்டுக்கு 43 லட்சம் கோடி யென் என்று எழுதின. எதிரியின் ஏவுதளத்தையே திருப்பித் தாக்கும் ஆற்றலும் அவற்றில்தான் முதன்முறை எழுத்தில் வந்தது.

கேள்வி: துன் மகாதீர் ஜப்பானை நோக்கிப் பார் என்றார். ஆனால் அவருடைய கிழக்காசியக் கூட்டமைப்புக்கு ஜப்பானே தலையாட்டவில்லையாமே?
— ஆறாம் படிவ மாணவன்

பதில்: தம்பி, இந்த ஒப்பந்தம் வட்டார அரசியலில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. எஸ்.டி.பி.எம். தேர்வுக்கும் உதவும், கவனமாகப் படி.

கிழக்கு நோக்கும் கொள்கை 1982-இல் வந்தது. 1990 டிசம்பரில், பிரசல்ஸில் உலக வர்த்தகப் பேச்சு முறிந்த கையோடு, சீனப் பிரதமர் லீ பெங் கோலாலம்பூர் வந்தபோது மகாதீர் தம் யோசனையை வெளியிட்டார்: ஆசியான் நாடுகளும் ஜப்பானும் சீனாவும் கொரியாவும் ஒரே குழுவாகப் பேரம் பேசட்டும். அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அதில் இடம் இல்லை. ஜப்பான் தலைமை ஏற்க வேண்டும் என்பது அவர் ஆசை.

அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் கடுமையாக எதிர்த்தார். பசிபிக்கின் நடுவே கோடு போடுகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. 1989-இல் தொடங்கிய ஏபெக் என்ற ஆசிய-பசிபிக் பொருளாதார அமைப்பில் அமெரிக்கா இருந்தது. ஆகவே அது போதும் என்றார்கள். டோக்கியோ நேரடியாக "இல்லை" என்று சொல்லவில்லை. இன்னும் பரிசீலிக்கிறோம், ஆசியான் முதலில் ஒருமனதாகட்டும், ஆஸ்திரேலியாவையும் சேர்க்கலாமே என்று நாளைக் கடத்தியது. குழு என்ற பெயர் கலந்தாய்வு மன்றம் என்று இறங்கியும் பயனில்லை. 1993 நவம்பரில் சியாட்டல் ஏபெக் உச்சநிலைக் கூட்டத்துக்கு மகாதீர் போகவே இல்லை.

ஜப்பான் ஏன் அப்படி நடந்துகொண்டது? பாதுகாப்புக்கு 5-ஆவது பிரிவு, ஏற்றுமதிக்கு அமெரிக்கச் சந்தை, இரண்டும் ஒரே கையில். அந்தக் கையை விட்டுவிட்டு வர யாருக்கும் தைரியம் வராது. இன்னொரு முறையும் இதே நடந்தது. 1997 செப்டம்பரில் ஆசிய நாணய நெருக்கடியின் நடுவே ஜப்பான் ஆசிய நாணய நிதியம் ஒன்றை முன்மொழிந்தது. அமெரிக்கக் கருவூலம் எதிர்த்தது, சீனாவும் ஆதரவு தரவில்லை, யோசனை கிடப்பில் போனது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை, தேர்வில் இதை மறக்காதே. 1997 டிசம்பரில் கோலாலம்பூரிலேயே ஆசியான் தலைவர்களோடு சீன, ஜப்பானிய, கொரியத் தலைவர்கள் முதன்முறை கூடினார்கள். ஏறக்குறைய மகாதீர் கேட்ட அதே பட்டியல், வேறு பெயரில். 1998 அக்டோபரில் ஜப்பான் மியாசாவா திட்டம் என்று, நெருக்கடியில் சிக்கிய நாடுகளுக்கு 3,000 கோடி டாலர் அறிவித்தது. ஒரு மாதத்துக்கு முன்புதான் மூலதனக் கட்டுப்பாடு போட்டு, வெள்ளியை ஒரு டாலருக்கு 3.80 என்று கட்டிவைத்திருந்த மலேசியாவுக்கும் அதில் பங்கு கிடைத்தது. அடுத்து 2000 மே மாதம், நெருக்கடியில் ஒருவருக்கொருவர் நாணயம் கொடுத்து உதவும் சியாங் மாய் ஏற்பாடு. பிறகு 2017 ஜனவரியில் அமெரிக்கா பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்தை விட்டு வெளியேறியபோது, மீதி நாடுகளைக் கூட்டி 2018 மார்ச்சில் கையெழுத்துவரை கொண்டுபோனதில் ஜப்பானே முன்நின்றது. மலேசியாவுக்கு அது 2022 நவம்பர் 29-இல் நடப்புக்கு வந்தது. அமெரிக்கா ஒன்றை எதிர்க்கும்போது ஜப்பான் தயங்குகிறது. அமெரிக்கா இடத்தைக் காலி செய்தால் ஜப்பான் முன்வருகிறது. இந்த இரண்டையும் சேர்த்து எழுது.

கேள்வி: தோட்டத்தைவிட்டு ஜப்பான்காரத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன தலைமுறை நாங்கள். அதற்கும் இந்த நட்புக்கும் சம்பந்தம் உண்டா?
— முன்னாள் மின்னணுத் தொழிற்சாலை ஊழியர்

பதில்: நேரான சம்பந்தம். 1985 செப்டம்பர் 22-இல் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் ஐந்து நாடுகள் கூடி, டாலரின் மதிப்பை இறக்க ஒப்புக்கொண்டன. அமெரிக்காவின் வர்த்தகப் பற்றாக்குறைக்கு அமெரிக்கா கேட்ட மருந்து அது. ஒரு டாலருக்கு 240 யென் என்றிருந்தது, இரண்டே ஆண்டில் 150-க்கும் கீழே வந்தது. ஜப்பானில் செய்து விற்றால் கட்டுப்படியாகாத நிலை. அதனால் ஜப்பானிய நிறுவனங்கள் ஷா ஆலம், பினாங்கு என்று இங்கே வந்து குவிந்தன. 1986-இல் நம் அரசாங்கமும் முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டம் கொண்டுவந்து கதவைத் திறந்தது. தோட்டத்தில் ஆள் குறைந்ததும் அங்கே ஷிப்ட் பஸ் நிறைந்ததும் அந்தச் சில ஆண்டுகளில்தான்.

கேள்வி: செங்காகு தீவுகளில் சீனக் கப்பல் நுழைந்தால் அமெரிக்கா உடனே சண்டைக்கு வருமா?
— லாரி ஓட்டுநர்

பதில்: உடனே வராது. ஜப்பான் நிர்வகிக்கும் இந்தத் தீவுகளுக்குச் சீனாவும் உரிமை கோருகிறது. படிப்படியாகப் பாருங்கள். சீனக் கடலோரக் காவல் கப்பல் 24 கடல் மைல் வட்டத்துக்குள் வந்தால் ஜப்பானியக் கடலோரக் காவல் படை கூடவே ஓடி எச்சரிக்கும். 12 மைலுக்குள் வந்தால் வெளியேறச் சொல்லும். வெளியுறவு அமைச்சு பெய்ஜிங்குக்கு எதிர்ப்புத் தெரிவிக்கும். இதுவரை எல்லாம் போலீஸ் வேலைதான். ஆயுதத் தாக்குதல் என்ற சொல்லுக்குள் அது வராததால் 5-ஆவது பிரிவு அசையாது. சீனா அந்த இடைவெளியைத் தெரிந்தே பயன்படுத்துகிறது. போர்க்கப்பலுக்குப் பதில் வெள்ளைக் கப்பலை அனுப்புகிறது.

சுட்டுவிட்டால்? தீவுகள் யாருக்குச் சொந்தம் என்பதில் அமெரிக்கா கருத்துச் சொல்வதில்லை. ஆனால் அவை ஜப்பானின் நிர்வாகத்தில் இருப்பதால் 5-ஆவது பிரிவு பொருந்தும் என்று 2014 ஏப்ரலில் டோக்கியோவில் அதிபர் ஒபாமாவே சொன்னார். "சொந்தம்", "நிர்வாகம்" என்ற இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

கேள்வி: ஒக்கினாவா மக்கள் ஏன் தளங்களை எதிர்க்கிறார்கள்? காப்பாற்ற வந்தவர்களைத்தானே?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: ஜப்பானின் நிலப்பரப்பில் ஒக்கினாவா 0.6 விழுக்காடு. அமெரிக்கப் படைக்கென்றே ஒதுக்கிய நிலத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு அங்கேதான். அந்தத் தீவே 1972 மே 15 வரை அமெரிக்காவின் கையில் இருந்தது.

நிலத்தைவிடக் கசப்பு சட்டத்தில். ஜப்பானில் உள்ள அமெரிக்கப் படைக்கு எந்தச் சட்டம் என்று சொல்லும் படை நிலை உடன்படிக்கையின்படி, பணி நேரத்தில் சிப்பாய் செய்த குற்றத்தை முதலில் விசாரிக்கும் உரிமை அமெரிக்காவுக்கு. பணிக்கு வெளியே என்றால் ஜப்பானுக்கு. ஆனால் ஆள் தளத்துக்குள் போய்விட்டால் குற்றம் சாட்டப்படும்வரை அமெரிக்கக் காவலிலேயே இருக்கலாம். 1995-இல் மூன்று அமெரிக்கச் சிப்பாய்கள் ஒரு பள்ளிச் சிறுமிக்கு இழைத்த கொடுமைக்குப் பிறகு, கொலைக்கும் பாலியல் வன்முறைக்கும் முன்கூட்டியே ஒப்படைப்பதை "பரிவோடு பரிசீலிப்போம்" என்றார்கள். கட்டாயம் என்று எழுதவில்லை. 2004 ஆகஸ்ட் 13-இல் அமெரிக்க ஹெலிகாப்டர் ஒன்று ஒக்கினாவா அனைத்துலகப் பல்கலைக்கழக வளாகத்தில் விழுந்தபோது, அமெரிக்கப் படை சுற்றிவளைத்து ஜப்பானியப் போலீசையே உள்ளே விடவில்லை. அந்த மக்கள் கேட்பது எங்களுக்கு நியாயமாகவே படுகிறது.

செலவிலும் ஒரு பங்கை ஜப்பான் சுமக்கிறது. 1978-இல் 620 கோடி யென்னில் "பரிவு நிதி" என்று தொடங்கியது. தளத்து ஜப்பானிய ஊழியரின் சம்பளம், மின்சாரம், கட்டடம் என்று வளர்ந்து, 2022 முதல் ஐந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 5,000 கோடி யென்.

கேள்வி: மலேசியா எந்தப் பக்கம்? என் மகன் லுமுட்டில் கடல் அமலாக்கத்தில் வேலை செய்கிறான். ஜப்பான் கொடுத்த கப்பல்கள் இருக்கின்றன என்கிறான்.
— ஒரு தாய்

பதில்: மகன் சொன்னது சரி, அம்மா. ஜப்பானியக் கடலோரக் காவல் படையில் ஓடிய இரண்டு ரோந்துக் கப்பல்கள் 2017-இல் நம் கடல் அமலாக்க நிறுவனத்துக்கு வந்தன. இப்போது பெக்கான், ஆராவ் என்ற பெயரில் ஓடுகின்றன. 2023-இல் ஜப்பான் பாதுகாப்பு உதவிக்கென்று புதிய திட்டம் தொடங்கியபோது, முதல் வருடப் பட்டியலில் பிலிப்பைன்ஸ், வங்காளதேசம், ஃபிஜியோடு மலேசியாவும் இருந்தது.

ஜப்பான் ஏன் கொடுக்கிறது? மத்திய கிழக்கிலிருந்து அது வாங்கும் எண்ணெய் நம் நீரிணை வழியாகப் போகிறது. பிந்துலுவிலிருந்து 1983 முதல் திரவ எரிவாயு வாங்குகிறது. ஜப்பான் தரும் ரோந்துக் கப்பலை வாங்கிக்கொள்வதற்கும் அமெரிக்கத் தளம் கேட்பதற்கும் நம் ஊரில் ஒரே வரவேற்பு இல்லை. ஜப்பானிடம் வாங்கினால் சீனாவோடு உள்ள உறவு அவ்வளவாகக் கசங்காது. அமெரிக்கா நேரடியாகச் செய்ய முடியாததை ஜப்பான் வழியே செய்கிறது என்று சொல்வோரும் உண்டு. பாதி உண்மைதான், மீதிப் பாதி ஜப்பானின் சொந்த எண்ணெய்க் கணக்கு.

பக்கம் என்று பார்த்தால், மலேசியா 1971 நவம்பர் 27-இல் கோலாலம்பூர் பிரகடனத்தில் நடுநிலை வட்டாரம் வேண்டும் என்றது. அதே மாதம் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூரோடு ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடும் நடப்புக்கு வந்தது. அதன் வான் தற்காப்புத் தலைமையகம் பட்டர்வொர்த்தில். ஆனால் தாக்குதல் வந்தால் "உடனே கலந்து பேசுவோம்" என்பதோடு அது நிற்கிறது. பிலிப்பைன்ஸ் வேறு பாதையில் போகிறது: 2024 ஜூலையில் ஜப்பானியப் படை அங்கே வந்து பயிற்சி செய்ய வழிவிடும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. நம் அரசு அப்படி ஒன்றில் கையெழுத்திடவில்லை. கடலில் சீனக் கப்பலை அன்றாடம் பார்க்கும் நாட்டுக்கு இந்த நிதானம் நல்லது என்பது எங்கள் எண்ணம். பிலிப்பைன்ஸ் மீனவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் அவர்களையும் குறை சொல்ல மனம் வரவில்லை.

கேள்வி: டோக்கியோவும் வாஷிங்டனும் கூட்டறிக்கை விடும்போது எதைப் பார்த்துப் படிக்க வேண்டும்?
— நூலக வாசகர் வட்டம்

பதில்: நீளத்தைப் பார்க்காதீர்கள். சென்ற அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தச் சொல் புதிதாக வந்தது, எது காணாமல் போனது என்று பாருங்கள். 2021 ஏப்ரலில் பிரதமர் சுகாவும் அதிபர் பைடனும் விட்ட அறிக்கையில் தைவான் நீரிணை என்ற பெயர் இருந்தது. இரு நாட்டுத் தலைவர்களின் அறிக்கையில் தைவான் இடம்பெற்றது 1969-க்குப் பிறகு அதுவே முதன்முறை. ஒரு சொல்லுக்கு 52 வருட இடைவெளி.

அடுத்து, "முன் ஆலோசனை" என்ற சொல். 1960-இல் மாற்றிக்கொண்ட கடிதங்களின்படி, அமெரிக்கா ஜப்பானில் படையைப் பெரிய அளவில் மாற்றினாலோ, அணு ஆயுதம் கொண்டுவந்தாலோ, ஜப்பானியத் தளத்திலிருந்து வெளியே போர் நடத்தினாலோ முன்கூட்டிக் கேட்க வேண்டும். அப்படி ஓர் ஆலோசனை இதுவரை ஒருமுறைகூட நடந்ததில்லை. அணு ஆயுதம் ஏற்றிய கப்பல் துறைமுகத்துக்கு வந்துபோவதைக் கண்டுகொள்ளாமல் விடும் இரகசியப் புரிந்துணர்வு இருந்ததை 2010-இல் ஜப்பானிய அரசு நியமித்த குழுவே வெளிப்படுத்தியது. ஆகவே அறிக்கையில் "கலந்தாலோசித்து" என்று வந்தால், கேட்டுவிட்டுச் செய்வார்களா, செய்துவிட்டுச் சொல்வார்களா என்று தேடுங்கள். 1971 ஜூலை 15-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனப் பயணத்தை அறிவித்தபோது டோக்கியோவுக்குத் தகவல் போனது சில நிமிடங்களுக்கு முன்தான். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஜப்பானும் பெய்ஜிங்கோடு தூதரக உறவு வைத்துக்கொண்டது, அமெரிக்கா வைத்துக்கொள்வதற்கு ஆறு ஆண்டுகள் முன்னதாக.